வாக்கில்லாதவர் கேட்ட வாக்கு



நெகிரி செம்பிலான் மாநிலத்தில், லாபு வட்டாரத்தில், ஒரு பெல்டா நிலக்குடியேற்றத் திட்டம் இருக்கிறது. அதன் பெயர் ‘பெல்டா எல்.பி. ஜான்சன்’. பொதுவாக நிலத்திட்டங்களுக்கு ஊரின் பெயரோ ஆற்றின் பெயரோ அமைவது வழக்கம். இதற்கு மட்டும் ஓர் அமெரிக்கரின் பெயர் எப்படி வந்தது? 1966 அக்டோபர் இறுதியில் அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் நம் நாட்டுக்கு வருகை தந்தார். பதவியில் இருக்கும்போதே மலேசிய மண்ணில் கால் வைத்த முதல் அமெரிக்க ஜனாதிபதி அவரே. அவ்வமயம் அந்த நிலத்திட்டத்துக்கும் சென்று அங்குக் குடியேறியிருந்த மக்களைக் கண்டார். அந்த வருகையின் நினைவாகவே அப்பெயர் நிலைத்தது.

அவர் வந்து சென்ற 17 மாதங்களில், 1968 மார்ச் 31ஆம் நாள் இரவு, அதே ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றித் தம் நாட்டு மக்களிடம் பேசினார். பேச்சின் முடிவில், மீண்டும் ஜனாதிபதிப் பதவிக்குத் தம் கட்சியின் நியமனத்தைத் தாம் நாடப்போவதுமில்லை, அளித்தாலும் ஏற்கப்போவதுமில்லை என்று அறிவித்தார். உலகமே வியந்தது. உலகத்திலேயே பெரும் வல்லமை படைத்த பதவியில் இருந்தவரை அப்படிப் பின்வாங்க வைத்தது எது? எதிர்க்கட்சியா? அன்று. அவருடைய சொந்தக் கட்சிக்குள் நடந்த ஒரு சிறிய தேர்தலும், அதில் பனியில் நடந்து வீடு வீடாகக் கதவைத் தட்டிய இளைஞர் கூட்டமும் அதற்குப் பெரிய காரணங்களாய் அமைந்தன. அந்த இளைஞர்களில் மிகப் பலருக்கு வாக்குரிமையே இல்லை என்பதுதான் இதில் வியப்பு.

நேயர்களே, இந்த வரலாற்றை நான் தேர்ந்தெடுத்ததற்கு என் வகுப்பில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியே காரணம். நான் ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியன். ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடையே வகுப்புத் தலைவர் தேர்தல் ஒன்றை நடத்தினேன். ஒரு மாணவி தன் தோழிக்காக மேசை மேசையாகச் சென்று வாக்குக் கேட்டாள். தோழி மூன்று வாக்குகளில் தோற்றாள். பள்ளி விட்டதும் அந்தப் பிள்ளை என்னிடம் வந்து, “சார், நான் கேட்டதெல்லாம் வீண்தானா?” என்றாள். அன்று எனக்குச் சரியான பதில் வாய்க்கவில்லை. நமக்குப் பிடித்த ஒருவருக்காக உழைப்பது, அவர் வெல்லாவிட்டால் வீணா? இந்தக் கேள்விக்கு விடை தேடியே உங்களை அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்கிறேன்.

முதலில், இந்தத் தேர்தல் எத்தகையது என்று தெரிந்துகொள்வோம். நம் நாட்டில் ஒரு தொகுதியில் கட்சியின் வேட்பாளர் யார் என்பதைப் பொதுவாகக் கட்சித் தலைமையே முடிவு செய்கிறது. அமெரிக்காவில் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு கட்சியும் கோடைகாலத்தில் ஒரு தேசிய மாநாட்டைக் கூட்டும். அம்மாநாட்டுக்கு ஒவ்வொரு மாநிலமும் பேராளர்களை அனுப்பும். பேராளர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் ஆதரவைப் பெறுபவரே கட்சியின் வேட்பாளர். அந்தப் பேராளர்கள் யாரை ஆதரிக்க வேண்டும் என்பதைக் கட்சி வாக்காளர்களே வாக்களித்துச் சொல்லும் தேர்தலுக்குத்தான் ‘பிரைமரி’ என்று பெயர். பொதுத் தேர்தலுக்கு முன்பு கட்சிக்குள் நடக்கும் தேர்தல் அது.

1920ஆம் ஆண்டு முதல் நெடுங்காலம், நாட்டிலேயே முதலாவது பிரைமரி நடக்கும் மாநிலமாக விளங்கியது நியூ ஹாம்ப்ஷயர். வடகிழக்கு மூலையில் உள்ள சிறிய, குளிர்மிகுந்த மாநிலம். அக்காலத்தில் அதன் மக்கள் தொகை ஏறத்தாழ ஏழு லட்சம்தான். ஆயினும் முதலில் பேசுகிறவன் சொல்லுக்குச் சபையில் தனிக் கவனம் உண்டன்றோ? 1952இல் ஜனாதிபதி ட்ரூமனை எஸ்டஸ் கீபோவர் என்ற செனட்டர் இங்கே தோற்கடித்தார். அதே மாதத்தில் ட்ரூமன், தாம் மீண்டும் போட்டியிடப்போவதில்லை என்று அறிவித்தார். பதினாறு ஆண்டுகளுக்குப் பின் வரலாறு அதே வாசலுக்கு வந்து நின்றது.

ஜான்சனைப் பற்றி நாம் நேர்மையாகப் பேச வேண்டும். அவர் கெட்ட மனிதர் அல்லர். அவரும் நம்மைப் போல ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தவர். டெக்சாஸ் மாநிலத்தில் கொட்டூலா என்ற ஊரில், மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் படித்த ஓர் ஏழைப் பள்ளியில் 1928ஆம் ஆண்டில் ஆசிரியராகப் பணியாற்றியவர். ஜனாதிபதியான பின், கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தரும் 1964ஆம் ஆண்டுச் சட்டத்திலும், அவர்களுடைய வாக்குரிமையைக் காக்கும் 1965ஆம் ஆண்டுச் சட்டத்திலும் கையெழுத்திட்டவர் அவரே. ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு மத்திய அரசின் நிதி கிடைக்கச் செய்த சட்டமும் அவர் காலத்தது. 1964 தேர்தலில் நூற்றுக்கு 61 விழுக்காடு வாக்குகள் பெற்று வென்றார்.

இத்தகையவரை எதிர்க்க அவர் கட்சியினரே ஏன் முனைந்தனர்? வியட்நாம் போர்தான் காரணம். 1967 முடிவில் ஏறத்தாழ ஐந்து லட்சம் அமெரிக்கப் படைவீரர்கள் வியட்நாமில் இருந்தார்கள். அந்த ஓராண்டில் மட்டும் 11,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் மாண்டார்கள். வியட்நாமிய மக்கள் மாண்டது அதைவிடப் பன்மடங்கு. கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் 18 வயது வாலிபனைப் போருக்கு அழைத்துச் செல்லலாம். ஆனால் அன்று பெரும்பாலான மாநிலங்களில் வாக்களிக்கும் வயது 21. உயிரைக் கொடுக்க வயது போதும். அதைப் பற்றிக் கருத்துச் சொல்ல வயது போதாது. இந்த முரண்பாடு கல்லூரி மாணவர்களின் நெஞ்சை அறுத்தது.

ஆலார்ட் லோவன்ஸ்டைன் என்ற இளம் அரசியல் தொண்டர், ஜான்சனை எதிர்த்து நிற்க ஒருவரைத் தேடி 1967இல் நாடெங்கும் அலைந்தார். முதலில் செனட்டர் ராபர்ட் கென்னடியைக் கேட்டார். அவர் மறுத்தார். செனட்டர் மெகவர்னைக் கேட்டார். அவரும் இசையவில்லை. பதவியிலுள்ள ஜனாதிபதியைச் சொந்தக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பது பாறையில் தலையை மோதுவது போன்றது என்றே எல்லாரும் கருதினர். கடைசியில் மினசோட்டா மாநிலச் செனட்டர் யூஜின் மெக்கார்த்தி இசைந்தார். 1967 நவம்பர் 30ஆம் நாள் தம் முடிவை அறிவித்தார்.

மெக்கார்த்தி கூட்டத்தைக் கவரும் பேச்சாளர் அல்லர். கல்லூரியில் பாடம் நடத்தியவர், கவிதை எழுதுபவர், சிறிது காலம் துறவி மடத்தில் பயிற்சி பெற்றவர். மேடையில் குரலை உயர்த்தாமல், வகுப்பறையில் பேசுவது போலப் பேசுவார். தொடக்கத்தில் கருத்துக் கணிப்புகள் அவருக்குச் சொற்ப ஆதரவே இருப்பதாகக் காட்டின. இந்த நிலையில்தான் மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

ஹார்வர்ட், யேல், கொலம்பியா, மிச்சிகன் எனப் பல பல்கலைக்கழகங்களிலிருந்து பஸ்களிலும் கார்களிலும் வந்தார்கள். வார இறுதிகளில் அவர்கள் தொகை ஆயிரக்கணக்கில் பெருகியது. தேவாலயங்களின் கீழ்த்தளங்களிலும், உடற்பயிற்சிக் கூடங்களின் தரையிலும், ஆதரவாளர்களின் வீடுகளிலும் படுத்து உறங்கினார்கள். அன்றைய மாணவர்களிடையே நீண்ட முடியும் தாடியும் பெரிய நாகரிகம். ஆனால் நியூ ஹாம்ப்ஷயர் மக்களோ பழைமையைப் போற்றும் சிற்றூர் மக்கள். மான்செஸ்டர் போன்ற நகரங்களில் ஆலைத் தொழிலாளர்கள் நிறைய. கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சு வம்சாவளியினர் பலர். அவர்கள் பிள்ளைகளும் போர்முனையில் இருந்தார்கள். தாடியோடு ஓர் இளைஞன் வாசலில் நின்றால் கதவு திறக்குமா?

ஆகவே மாணவர்கள் தாடியை மழித்துக்கொண்டார்கள், முடியை வெட்டிக்கொண்டார்கள். மாணவிகள் குட்டைப் பாவாடையை விட்டு அடக்கமான உடை அணிந்தார்கள். ‘ஜீனுக்காகத் தூய்மை’ என்பது அவர்களுடைய தாரக மந்திரமாயிற்று. யூஜின் என்பதன் சுருக்கமே ஜீன். தாடியை விடமாட்டேன் என்றவர்களை யாரும் விரட்டவில்லை. அவர்கள் அலுவலகத்தின் உள்ளே அமர்ந்து கடித உறைகளில் முகவரி எழுதினார்கள்.

தாடியை மழித்தது சிறிய செயலாகத் தோன்றலாம். அதில் ஒரு பெரிய பண்பு இருக்கிறது. நாம் ஒருவருடைய வீட்டு வாசலில் போய் நிற்கிறோம். அவருடைய மனத்தை நாடி நிற்கிறோம். அங்கே நம் பெருமை முக்கியமா, நாம் எடுத்துச் சென்ற கருத்து முக்கியமா? கருத்துத்தான் முக்கியம் என்று அந்த மாணவர்கள் முடிவு செய்தார்கள். வாதம் செய்யாதே, கேட்டுக்கொள் என்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்ட பாடம். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்றார்கள். அந்த வீட்டார் என்ன சொன்னார் என்பதைச் சிறு அட்டைகளில் குறித்துக்கொண்டார்கள். தயக்கத்தோடு இருப்பவர்களை மறுபடியும் போய்ப் பார்த்தார்கள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அதுபோல.

பால் நியூமன் என்ற புகழ்பெற்ற திரைப்பட நடிகரும் வந்து பிரசாரம் செய்தார். நடிகரைப் பார்க்கக் கூட்டம் கூடுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் கூட்டம் கலைந்த பிறகு பனியில் நடந்து கதவைத் தட்டியவர்கள் மாணவர்களே.

மறுபக்கத்தில் என்ன நடந்தது? ஜான்சன் தம்மை வேட்பாளராக அறிவிக்கவில்லை. அதனால் அவர் பெயர் வாக்குச்சீட்டிலேயே அச்சாகவில்லை. அவரை ஆதரிப்பவர்கள் வெற்றிடத்தில் அவர் பெயரைக் கையால் எழுதிப் போட வேண்டும். மாநில ஆளுநர் ஜான் கிங்கும், செனட்டர் மெக்கின்டயரும் ஜான்சன் பக்கம் நின்று வேலை செய்தார்கள். ஆதரவைத் திரட்ட அவர்கள் ஓர் உறுதிமொழி அட்டையை அச்சிட்டார்கள். மூன்று பகுதிகள் கொண்ட அட்டை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கையெழுத்திட்ட வாக்காளர் ஒரு பகுதியை வைத்துக்கொள்வார். இன்னொன்று மாநிலக் கட்சி அலுவலகத்துக்குப் போகும். மூன்றாவது, ஜனாதிபதியின் வெள்ளை மாளிகைக்கே போகும்.

தண்டல் பெயர் குறிக்கும்போது கை தூக்கி ஆதரவு சொல்லச் சொன்னால் நம் மனம் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள். இரகசிய வாக்கு என்ன ஆயிற்று என்று மெக்கார்த்தி பக்கத்தினர் கேட்டார்கள். மக்களுக்கும் அந்த அட்டை உறுத்தியது. மெக்கார்த்திக்குப் போடும் வாக்கைக் கண்டு எதிரியின் தலைநகரான ஹனோயில் மகிழ்ச்சி கொண்டாடுவார்கள் என்றும் பிரசாரம் செய்யப்பட்டது. அதுவும் பலரை முகம் சுளிக்க வைத்தது. ஒரு பக்கம் அட்டையில் கையெழுத்துக் கேட்டது. மறுபக்கம் வாசலில் நின்று, ‘உங்கள் கருத்து என்ன?’ என்று கேட்டது.

இதற்கிடையே, 1968 ஜனவரி இறுதியில் வியட்நாமியப் புத்தாண்டான டெட் திருநாளின்போது, கம்யூனிஸ்டுப் படைகள் தென் வியட்நாமின் பல நகரங்களை ஒரே சமயத்தில் தாக்கின. சைகோனில் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே புகுந்தன. போர் முடிவை நெருங்குகிறது என்று கேட்டுவந்த மக்கள் திகைத்துப்போனார்கள். மாணவர்கள் தட்டிய கதவுகள் முன்னிலும் எளிதாகத் திறந்தன.

1968 மார்ச் 12ஆம் நாள் வாக்குப்பதிவு. ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் ஜான்சன் பெற்றது 27,000க்குச் சற்று அதிகமான வாக்குகள். மெக்கார்த்தி பெற்றது 23,000க்குச் சற்று அதிகம். விழுக்காட்டில் சொன்னால், ஜான்சனுக்கு 50க்குச் சற்றுக் குறைவு. மெக்கார்த்திக்கு ஏறத்தாழ 42. கணக்குப்படி வென்றவர் ஜான்சன். ஆயினும் பதவியிலுள்ள ஜனாதிபதியைச் சொந்தக் கட்சியினரிலேயே பாதிப்பேருக்குமேல் ஆதரிக்கவில்லை என்பதே நாடெங்கும் செய்தியாயிற்று.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மாநிலத்துக்கு 24 பேராளர் இடங்கள். ஜான்சன் பக்கத்தில் அந்த இடங்களுக்குத் தேவைக்கு மேல் பலர் போட்டியிட்டுத் தங்களுக்குள்ளேயே வாக்குகளைப் பிரித்துக்கொண்டார்கள். மெக்கார்த்தி பக்கத்தினரோ இடத்துக்கு ஒருவராக ஒழுங்காக நின்றார்கள். அதனால் 24 இடங்களில் 20 மெக்கார்த்திக்கே கிடைத்தன. அனுபவம் மிக்க அரசியல்வாதிகள் செய்த பிழையை, அனுபவமில்லாத தொண்டர்கள் செய்யவில்லை.

நேயர்களே, இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிட்டால் இனிமையாக இருக்கும். ஆனால் வரலாறு நமக்கு வசதியான இடத்தில் நிற்பதில்லை.

முதலாவதாக, அந்த வாக்குகளின் பொருள் என்ன? மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் ஆராய்ந்து பார்த்தார்கள். மெக்கார்த்திக்கு வாக்களித்தவர்களில், போரை நிறுத்த வேண்டும் என்றவர்களைவிட, போரை இன்னும் கடுமையாக நடத்த வேண்டும் என்று எண்ணியவர்களே அதிகம் என்று தெரிந்தது! ஜான்சன் மீதிருந்த அதிருப்தியே அவர்களை அப்பக்கம் தள்ளியது. நம் வேட்பாளருக்கு வாக்களித்தவரெல்லாம் நம் மனத்தோடு ஒத்தவர் என்று எண்ணிவிடலாகாது.

இரண்டாவதாக, ஆதரவாளர்களிடையே பிளவு வந்தது. தேர்தல் முடிந்த நான்காம் நாள், மார்ச் 16இல், முன்பு மறுத்த ராபர்ட் கென்னடி தாமும் போட்டியிடுவதாக அறிவித்தார். பனியில் நடந்த மாணவர்களுக்கு அது பெரும் மனவேதனை. நாங்கள் உழுது விதைத்த நிலத்தில் இவர் அறுவடைக்கு வருகிறாரே என்று குமுறினார்கள். சிலர் கென்னடி பக்கம் போனார்கள். பலர் மெக்கார்த்தியோடு நின்றார்கள். இருவருமே போரை எதிர்த்தவர்கள். ஆயினும் இரு கூட்டத்துக்குமிடையே கசப்பு வளர்ந்தது.

மார்ச் 31இல் ஜான்சன் விலகினார். நியூ ஹாம்ப்ஷயர் ஒன்றே அதற்குக் காரணம் என்று சொன்னால் அது மிகைப்படுத்தல். அவருடைய உடல்நிலை, போர்முனையின் நிலை, கென்னடியின் வருகை எல்லாம் சேர்ந்தன. அடுத்து விஸ்கான்சின் மாநிலத்தில் தோல்வி நிச்சயம் என்ற நிலையும் இருந்தது. ஏப்ரல் 2ஆம் நாள் அங்கே மெக்கார்த்தி 56 விழுக்காடு பெற்று வென்றார். இரண்டே நாளில், ஏப்ரல் 4ஆம் நாள், மார்ட்டின் லூதர் கிங் மெம்பிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இந்தியானாவிலும் நெப்ராஸ்காவிலும் கென்னடி வென்றார். ஒரிகானில் மெக்கார்த்தி வென்றார். ஜூன் 4ஆம் நாள் கலிபோர்னியாவில் கென்னடி 46க்கு 42 என்ற விழுக்காட்டில் வென்றார். அன்று நள்ளிரவு கடந்து, லாஸ் ஏஞ்சலஸ் ஹோட்டல் ஒன்றில் ஆதரவாளர்களுக்கு நன்றி கூறிவிட்டு வெளியேறும்போது அவரும் சுடப்பட்டார். ஜூன் 6ஆம் நாள் உயிர் நீத்தார். இரு கூட்டத்தார் கண்ணிலும் அன்று ஒரே கண்ணீர்தான்.

மூன்றாவது உண்மை இன்னும் கசப்பானது. அக்காலத்தில் ஏறத்தாழ 15 மாநிலங்களில்தான் பிரைமரி நடந்தது. மற்ற மாநிலங்களில் கட்சித் தலைவர்களும் உள்ளூர்க் கூட்டங்களுமே பேராளர்களை முடிவு செய்தன. பேராளர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர், 1968 பிறப்பதற்கு முன்பே ஏறக்குறைய முடிவாகிவிட்டிருந்தார்கள். பிரைமரி நடந்த மாநிலத்திலும் மக்கள் வாக்குக்கு மதிப்பில்லாமற் போனதுண்டு. பென்சில்வேனியாவில் நூற்றுக்கு 71 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்றவர் மெக்கார்த்தி. ஆனால் மாநாட்டில் அந்த மாநிலத்துப் பேராளர்களில் பெரும்பாலோர் வாக்களித்தது துணை ஜனாதிபதி ஹம்பிரிக்கு! இத்தனைக்கும் ஹம்பிரி எந்தப் பிரைமரியிலும் போட்டியிடவில்லை.

ஆகஸ்டு இறுதியில் சிக்காகோவில் மாநாடு கூடியது. வெளியே வீதிகளில் போலீசார் ஆர்ப்பாட்டக்காரர்களைத் தடியால் அடித்துச் சிதறடித்தார்கள். உள்ளே ஹம்பிரி 1,750க்கும் மேற்பட்ட பேராளர் வாக்குகளைப் பெற்று வேட்பாளரானார். மெக்கார்த்திக்குக் கிடைத்தது 601. நவம்பரில் ஹம்பிரி, ரிச்சர்ட் நிக்சனிடம் ஏறத்தாழ ஐந்து லட்சம் வாக்குகளில் தோற்றார். பதிவானவை 7 கோடிக்கும் மேற்பட்ட வாக்குகள். மெக்கார்த்தி, ஹம்பிரிக்கு ஆதரவு சொன்னதே தேர்தலுக்கு ஒரு வாரத்துக்கு முன்புதான். அதையும் அரை மனத்தோடு சொன்னார். அவருடைய ஆதரவாளர்களில் பலர் அதற்குள் மனம் வெறுத்து ஒதுங்கியிருந்தார்கள்.

போரும் உடனே நிற்கவில்லை. அமெரிக்கப் படைகள் வெளியேற 1973 மார்ச் ஆயிற்று. 1975 ஏப்ரல் 30ஆம் நாள் சைகோன் வீழ்ந்தது. அதன் பின் வியட்நாமிலிருந்து படகுகளில் தப்பி வந்த மக்கள் நம் திரங்கானுக் கரையை அடைந்தார்கள். 1978இல் பூலாவ் பீடோங் தீவில் அவர்களுக்கு முகாம் திறக்கப்பட்டது. 1991 வரை அது இருந்தது. 1979இல் அச்சிறு தீவில் ஏறத்தாழ 40,000 பேர் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். எங்கோ நடந்த போர், எங்கோ நடந்த தேர்தல் என்று நாம் இருந்துவிட முடியாது. அதன் அலை நம் கரையிலும் வந்து மோதியது.

அப்படியானால் அந்த மாணவர்கள் பனியில் நடந்தது வீண்தானா?

இரண்டு செய்திகளைக் கேளுங்கள். சிக்காகோ மாநாடு மெக்கார்த்தியைத் தோற்கடித்தது. ஆனால் அதே மாநாடு, பேராளர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஆராய ஒரு குழு அமைக்கவும் இசைந்தது. மக்களின் வாக்கு மாநாட்டு மண்டபத்தில் செல்லாக்காசானதைப் பார்த்த பிறகு, பழைய முறையை அப்படியே வைத்திருக்கக் கட்சியால் முடியவில்லை. செனட்டர் மெகவர்ன் அக்குழுவுக்குத் தலைமை ஏற்றார். முன்பு போட்டியிட மறுத்த அதே மெகவர்ன்தான்! அதன் பயனாகக் கதவை அடைத்துக்கொண்டு பேராளர்களைத் தீர்மானிக்கும் வழக்கம் சரிந்தது. 1972இல் 20க்கும் மேற்பட்ட மாநிலங்களில் பிரைமரி நடந்தது. அதன் பிறகு பிரைமரிகளில் வெற்றி பெறாமல் எவரும் எளிதில் வேட்பாளராக முடியாத நிலை உருவானது. நாட்டில் பலரும் அறியாதிருந்த ஜிம்மி கார்ட்டர் 1976 தேர்தலில் வென்று ஜனாதிபதியானது இந்தப் புதிய வழியில்தான்.

மற்றொன்று, 1971 ஜூலையில் அமெரிக்க அரசியல் சட்டத்தில் 26ஆம் திருத்தம் நிறைவேறியது. வாக்களிக்கும் வயது நாடெங்கும் 18 ஆயிற்று. வாக்கில்லாமல் வாக்குக் கேட்டவர்களின் தம்பி தங்கைகள் வாக்காளர்களானார்கள். நம் மலேசியாவிலும் நெடுங்காலம் 21ஆக இருந்த வாக்களிக்கும் வயது, 2019இல் நிறைவேறிய திருத்தத்தின் வழி 18 ஆனது. 2021 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. 2022 பொதுத் தேர்தலில் நம் பள்ளியில் படித்துச் சென்ற பிள்ளைகள் சிலர் 18, 19 வயதில் விரலில் மையோடு வந்து என்னிடம் காட்டினார்கள். அந்த மைக்கும் ஒரு வரலாறு உண்டு என்று அவர்களிடம் சொன்னேன்.

ஆயினும் விதிமுறை மாற்றம் எல்லாக் கேள்விக்கும் விடையாகிவிடாது. 2024 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயரில் ஜனாதிபதி பைடனின் பெயர் வாக்குச்சீட்டில் இல்லை. ஜான்சனைப் போலவே அவரும் வாக்காளர்கள் கையால் எழுதிப் போட்ட வாக்குகளால் வென்றார். பிரைமரிகள் எல்லாம் முடிந்த பிறகு, ஜூலை 21ஆம் நாள், அவர் போட்டியிலிருந்து விலகினார். பேராளர்களே கமலா ஹாரிசை வேட்பாளராக்கினார்கள். அவரும் நவம்பரில் தோற்றார். மக்கள் வாக்குக்கும் பேராளர் முடிவுக்கும் உள்ள உறவு என்ன என்ற பழைய கேள்வி மீண்டும் எழுந்தது.

நேயர்களே, ஒருவரை ஆதரிப்பது என்றால் என்ன? அவர் படத்தை மாட்டிப் பூப்போடுவது அன்று. எதிர்ப்பக்கத்தாரைத் துரோகி என்று தூற்றுவதும் அன்று. அவர் எதற்காக நிற்கிறாரோ அதை நாமும் நம்புகிறோமா என்று முதலில் நம்மையே கேட்பது. பிறகு அடுத்தவர் வாசலுக்குப் பணிவோடு போவது; அவர் சொல்வதைக் கேட்பது. நம்மவர் தோற்றால், ஏன் தோற்றார் என்று ஆராய்வது. வாக்கு எண்ணும் முறையிலேயே குறையிருந்தால் அதைத் திருத்தப் பாடுபடுவது. மெக்கார்த்தியின் தொண்டர்கள் முதல் பகுதியை அழகாகச் செய்தார்கள். தோல்விக்குப் பின் மனம் கசந்து ஒதுங்கியவர்களும் அவர்களில் உண்டு. பொறுமையாக உட்கார்ந்து விதிகளைத் திருத்தியவர்களும் உண்டு. பின்னவர்கள் செய்த வேலைக்குக் கைத்தட்டல் கிடைக்கவில்லை. நிலைத்து நின்றது அந்த வேலைதான்.

என் மாணவிக்கு வருகிறேன். வீண்தானா என்று கேட்டவள், மறுநாள் காலையில் இன்னொரு கேள்வியோடு வந்தாள். “சார், நேற்று பஸ் வராததால் அந்தப் பக்கத்து டிவிஷன் பிள்ளைகள் நான்கு பேர் வரவில்லையே. அவர்களைக் கேட்காமல் நீங்கள் எண்ணிவிட்டீர்களே?” நான் தலைகுனிந்தேன். பிழை என்னுடையது. அந்த நான்கு பேர் யாருக்கு வாக்களித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. தேர்தலை மறுபடி நடத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், வென்றவன் பாவம், அடுத்த ஆண்டு எல்லாரும் வந்த பிறகு எண்ணுங்கள் என்றாள்.

எங்கள் வகுப்பில் இப்போது அதுவே விதி. எல்லாரும் வந்து சேராமல் வாக்கு எண்ணுவதில்லை. அந்த விதி எப்படி வந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. தன் தோழிக்காக மேசை மேசையாய் நடந்து, தோற்று, வீண்தானா என்று கேட்ட ஒரு பிள்ளையால் வந்தது அது.